இரட்டை இதழ் அண்ணை

லண்டனில் உள்ள தமிழரில் ஒரே ஒருவரைக் கண்டால்தான் ஐயரே மந்திரத்தைச் சுருக்கிக்கொண்டு காருக்கு ஓடுவார் என்றால், அது இல்ஃபோர்டில் இருக்கும் எங்கள் இரட்டை இதழ் அண்ணைதான். அமெரிக்காவில் நெடுங்காலமாய் வந்துகொண்டிருக்கும் ஓர் இலக்கியக் காலாண்டிதழின் சரித்திரத்தை ஆதியோடந்தமாகச் சொல்லாமல் ஆளை விட மாட்டார். அதன் பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் நீங்களும் அகப்பட்டுக்கொள்வீர்கள்.

கவுன்சில் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அமெரிக்காவைக் கண்ணாலும் கண்டதில்லை. அகதியாய் வந்த புதிதில், வாடகை அறையில் யாரோ விட்டுப்போன ஒரு பழைய பிரதி அவர் கையில் கிடைத்ததாம். பாதி விளங்கவில்லையாம். விளங்காத பாதிதான் பிடித்துக்கொண்டது என்பார்.

சனிக்கிழமை காலையில் தேத்தண்ணிக் கடைக்குப் போனால் நான் அகப்பட்டேன்.

"தம்பி, கேளும். ஒரு கல்லூரியிலை, கரி போட்டு வைக்கிற அறையிலைதான் துடங்கினவங்கள்..."

"அண்ணை, எனக்கு வேலைக்கு நேரமாகுது."

"ஓம் ஓம். சண்டையோடை நிப்பாட்டுறன்."

சண்டை என்பது, ஒரு கவிதையில் ஒரு காற்புள்ளி இருக்க வேண்டுமா வேண்டாமா என்று இரண்டு ஆசிரியர்கள் போட்டது. அதோடு எங்கே நிற்கிறது? பிறகு யுத்தம் வரும், காகிதத் தட்டுப்பாடு வரும். அதற்குள் நான் எழும்பி ஓடிவிடுவேன்.

இந்த மனிதரைப் போய் ஒரு கலியாண வீட்டில் வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டுவிட்டார்கள். மைக்கைப் பிடித்தவர், "இந்த வயதிலும் என்னை மயக்கி வைத்திருப்பது ஓர் அமெரிக்க இதழ்" என்று செந்தமிழில் தொடங்கினார். இதழ் என்றால் உதடும்தான் என்பது, அவரைத் தவிர மண்டபத்துக்கே ஞாபகம் வந்தது. பாரிசிலிருந்து வந்திருந்த பெண்ணின் மாமி, "ஐயோ, இந்த மனிசன் சபையிலை என்ன கதைக்குது!" என்று தலையில் கை வைத்தார். அண்ணை விடுவாரா? "இடையில் நின்றுபோனது. ஆனால் பிறகு இரட்டை இதழாய்த் திரும்பி வந்தது!" மாப்பிள்ளையின் தகப்பன் பாய்ந்து மைக்கைப் பறித்தார். பட்டப்பெயர் அன்றைக்கு ஒட்டியது.

தவறவிட்ட இதழையும் அடுத்ததையும் ஒன்றாய்ச் சேர்த்து, இரண்டு எண்களையும் அட்டையில் போடுவதுதான் இரட்டை இதழ். சிற்றிதழ் நடத்துகிற எல்லோருக்கும் கைவந்த தந்திரம். அண்ணைக்கோ அது வாழ்க்கைமுறை. ஒரு சனிக்கிழமை வராவிட்டால் அடுத்த சனிக்கிழமை இரண்டு தேத்தண்ணி குடிப்பார். என் மகளின் பிறந்தநாளுக்கு வரத் தவறியவர், மறுவருடம் வந்து வாழ்த்துப் பாட்டை இரண்டு தரம் பாடினார். கேக்கிலும் இரண்டு துண்டு.

நானும் ஒரு சிற்றிதழ் நடத்துகிறவன்தான். எழுதுகிறவர்கள் வாசிப்பதில்லை, வாசிக்கிறவர்களோ பேரப்பிள்ளை பார்க்கப் போய்விட்டார்கள். இதழ் நின்றுபோய்க் கிடந்தது. போதும் என்று மனம் விட்டுப்போய், 'விடைபெறுகிறோம்' எனத் தலையங்கம் எழுதிக் கடையில் அண்ணையிடம் நீட்டினேன். பகிடி விடுவார் என்று பார்த்தேன். முகம் கறுத்துவிட்டது.

"தம்பி, நீர் ஒருநாளும் இருந்து கேக்காத இடம் ஒண்டு இருக்கு. அந்தச் சஞ்சிகை நிண்டது. கந்தோரையும் பூட்டிப்போட்டுப் போயிட்டினம். கனகாலத்துக்குப் பிறகு ஒரு மனிசி வந்து திறந்தவ. என்ன செய்தவ தெரியுமே? முதலாம் இதழ் எண்டு போடேல்லை. நிண்டதையும் புதுசையும் சேத்து இரட்டை இதழ் எண்டு போட்டு, தாமதத்துக்கு ஒரு வரியிலை மன்னிப்புக் கேட்டவ."

"அவ்வளவு வருசத்துக்கும் ஒரு வரியோ அண்ணை?"

"காணும், ஒரு வரி போதும். நாங்கள் மட்டும் என்ன? சண்டை, ஓட்டம், முகாம் எண்டு எத்தினை வருசத்தை விட்டிட்டு வந்தனாங்கள்? இஞ்சை வந்து முதலாம் இதழிலையிருந்தே துடங்கினனாங்கள்? விட்டதையும் சேத்துக்கொண்டுதானே சீவிக்கிறம். உந்தத் தலையங்கத்தைக் கிழியும்."

கிழித்தேன். இரட்டை இதழ் அச்சுக்குப் போனது.

அது வந்து சேருவதற்குள் அண்ணைக்குப் பாரிசவாதம் வந்துவிட்டது. உயிர் தப்பியது. பேச்சு இல்லை. இதழ் வந்ததும் எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன். எந்த வாய்க்குப் பயந்து ஊரே ஓடி ஒளிந்ததோ, அந்த வாய் பேசாமல் கிடந்தது.

"ஏதும் கதையுங்கோ தம்பி," என்றார் அவருடைய மனைவி. "கதைச்சுக்கொண்டிருந்தால் பேச்சு திரும்பக்கூடும் எண்டு டொக்டர் சொல்லுறார். எல்லாரும் வருகினம், பாத்துப்போட்டுப் பேசாமல் போகினம்."

இதழை அவர் கையில் வைத்தேன். அட்டையில் இருந்த இரண்டு எண்களையும் விரலால் தடவினார். எனக்கு வேறெந்தக் கதையும் வரவில்லை.

"அண்ணை, கேளுங்கோ. ஒரு கல்லூரியிலை, கரி போட்டு வைக்கிற அறையிலைதான் துடங்கினவங்கள்..."

சண்டை வரைக்கும் வந்துவிட்டேன். "ஒரு முற்றுப்புள்ளிக்காகச் சண்டை" என்றதும், தலையணையில் தலை இடமும் வலமுமாய் ஆடியது.

"காற்புள்ளியோ அண்ணை?"

கண் சிரித்தது.

அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் போய்ச் சொல்கிறேன். பேச்சு இன்னும் வரவில்லை. பிழை விட்டால் மட்டும் தலை ஆடும், மன்னிப்பே கிடையாது. முந்தின சனிக்கிழமை எனக்குக் காய்ச்சல், போக முடியவில்லை. நேற்றுப் போய்க் கதிரையைக் கட்டிலருகில் இழுத்துப் போட்டேன்.

"அண்ணை, இண்டைக்கு இரட்டை இதழ்" என்றேன்.

முழுச் சரித்திரத்தையும் இரண்டு தரம் சொன்னேன். எனக்கு எந்த வேலைக்கும் நேரமாகவில்லை.