வளர்ற புள்ளைக்கு ஒரு ஜோடி பலகை

பலகை இலக்கியாவைவிட அரை அடி உயரமாக இருந்தது.

"நிமிந்து நில்லு கண்ணு" என்றார் தங்கதுரை.

"நிமிந்துதாம்ப்பா நிக்கறேன்."

"கழுத்த நீட்டு."

நீட்டினாள். பலகை அசரவில்லை. நல்ல சிவப்பு. முனை மட்டும் மேலே வளைந்து, யாரையோ முறைப்பது போல நின்றது. மணலூர்பேட்டைக்கு வந்து சேர்ந்த முதல் பனிச்சறுக்குப் பலகை அதுதான். அந்த ஊரில் பனி என்பது மார்கழியில் தலைக்குத் துண்டு கட்ட வைக்கும் சமாச்சாரம். அதன்மேல் சறுக்கலாம் என்று அதுவரை யாரும் யோசித்ததில்லை.

இலக்கியா படிக்கும் பள்ளியிலிருந்து இமாசலத்துக்குப் பத்து நாள் பனிச்சறுக்கு முகாம். ஏழாம் வகுப்பிலிருந்து இலக்கியா. ஒன்பதாம் வகுப்பிலிருந்து அவள் பெரியம்மா மகள் சுபஸ்ரீ. பலகை அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும் என்றார் விளையாட்டு வாத்தியார் அரங்கநாதன். சுபஸ்ரீயின் அப்பா வெங்கடேசன் சரியென்று தலையாட்டிவிட்டு, திருக்கோவிலூரில் இருக்கும் தன் உரக்கடைக்குப் போய்விட்டார்.

தங்கதுரையால் அப்படிப் போக முடியவில்லை. சகலையை நினைத்து அவர் வயிற்றில் எரியும் அடுப்புக்கும் இலக்கியாவுக்கும் ஒரே வயது, பன்னிரண்டு. ஒவ்வொரு மே மாதமும் மனைவி சின்னப்பொண்ணுவின் அக்கா ஒரு கட்டைப்பையோடு வந்து இறங்குவாள். சுபஸ்ரீக்குப் பத்தாமல் போன பாவாடை, ஷூ, ஸ்வெட்டர். சைக்கிள் மட்டும் பையில் அடங்காததால் தனியாக வந்தது. இலக்கியா எதையும் முதல் ஆளாகப் போட்டதில்லை. அம்மைகூட சுபஸ்ரீக்கு வந்துவிட்டுத்தான் அவளுக்கு வந்தது.

இந்த ஒன்றிலாவது தன் மகள் முதலில் நிற்க வேண்டும் என்று தங்கதுரை முடிவு செய்தார்.

"அளவு எப்டி பாக்கறது வாத்தியாரே?"

"நட்டு வெச்சா தாடைக்கு வரணும். மிஞ்சிப்போனா மூக்கு."

"வளர்ற புள்ளைங்க அது."

"அதுக்கு?"

"யூனிஃபார்மே மூணு மடிப்பு மடிச்சித் தெச்சுதாங்க போடறோம்."

"பலகைய மடிக்க முடியாதுங்க" என்றார் அரங்கநாதன்.

தங்கதுரை காதில் வாங்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து மகள் எவ்வளவு உயரம் இருப்பாள் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு, அந்த அளவுக்குப் பலகையும் பூட்ஸும் ஆன்லைனில் வரவழைத்தார்.

வந்ததும் முதல் வேலை, சகலையிடம் காட்டுவது. பைக்கின் பின்னால் இலக்கியா பலகையை நட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். திருக்கோவிலூர் கடைத்தெருவில் ஒரு கல்யாண பேனருக்கு அடியில் போனார்கள். வளைந்த முனை, மாப்பிள்ளையின் மீசையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தது.

வெங்கடேசன் மூட்டைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "இன்னா தம்பி இது, ஏர்ல பூட்டறதா?"

"ஸ்கீண்ணா. புத்தம் புதுசு. எங்க புள்ளைக்கு."

"ஜாஸ்தி நீளமா கீதே?"

"வளருவா இல்ல? அவளுக்குப் பத்தாம போச்சின்னா சுபாவுக்குக் குடுக்கறேன். வெக்கப்படாம வாங்கிக்கணும்."

பன்னிரண்டு வருஷமாக நெஞ்சில் வைத்திருந்த வாக்கியம். சொல்லி முடித்ததும் அவருக்கு அகோரமாகப் பசித்தது. சகலை வீட்டில் ஒன்பது இட்லி சாப்பிட்டார்.

அடுத்தது பயிற்சி. கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குப் பக்கத்தில், விடியற்காலைப் பனியில் நனைந்த புல்சரிவு ஒன்றைக் கண்டுபிடித்தார். பூட்ஸுக்குள் இலக்கியாவின் கால் குடியிருந்தது. இன்னொரு குடித்தனத்துக்கும் இடமிருந்தது.

"போ கண்ணு" என்று லேசாகத் தள்ளினார்.

பலகையும் பூட்ஸும் போய்விட்டன. இலக்கியா சாக்ஸோடு அங்கேயே நின்று டாட்டா காட்டினாள்.

பழைய வேட்டியைக் கிழித்து பூட்ஸில் அடைத்தார். இப்போது கால் கழலவில்லை. ஆனால் அவ்வளவு நீளப் பலகையைத் திருப்ப அவளுக்குத் தெம்பில்லை. நேராகப் போனாள். சரிவு முடிந்தும் போனாள். ராசு என்பவரின் மரவள்ளித் தோட்டத்துக்குள் போய்த்தான் நின்றாள்.

ராசு நிதானமாக வந்து பார்த்தார். "கெழங்கு புடுங்கற மெஷினாங்க?"

"பயிற்சிங்க. மன்னிச்சிக்கங்க."

"ஒரு வரிசை சுத்தமா வந்துடுச்சி. நாளைக்கும் கூட்டியாங்க."

வீட்டில் சின்னப்பொண்ணு தலையில் அடித்துக்கொண்டாள். "ஏங்க, ஆசாரிகிட்ட குடுத்து அரை அடி அறுத்துடலாம்."

"அறுத்தா உங்க அக்கா புருஷன் சிரிப்பாரு. பலகைய கொறைக்க மாட்டேன். புள்ளைய ஏத்தறேன்."

ஏற்றினார். காலையில் முட்டை, மத்தியானம் முருங்கைக்கீரை, சாயங்காலம் அரைமணி நேரம் கொய்யாமரக் கிளையில் தொங்கல். இருபது நாள் கழித்து அளந்தார். இலக்கியா வளரவில்லை. கிளை ஒரு சாண் தாழ்ந்திருந்தது.

"எனக்கு வாடகப் பலகையே போதும்ப்பா."

"எனக்குப் போதாது" என்றார் தங்கதுரை.

பலகையோடுதான் அனுப்பினார். மூன்றாம் நாள் அரங்கநாதன் போன் செய்தார்.

"சார், இங்க கோச்சு உங்க பலகைய உங்க புள்ளைக்கு மாட்டக்கூடாதுன்னுட்டாரு. வாடகைக்குச் சின்னதா ஒண்ணு குடுத்துகிறாரு. ஜோரா போய்க்கினு கீது."

"அப்ப எங்க பலகை?"

"அது ஒண்ணும் சும்மா கெடக்கல சார், கவலப்படாதீங்க" என்பதோடு லைன் போய்விட்டது.

கடைசி நாள், முகாமில் வைத்த போட்டி முடிந்ததும், குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு படம் வந்தது. வெள்ளை மலை. கழுத்தில் வெண்கலப் பதக்கம். பக்கத்தில் நட்டு வைத்த சிவப்புப் பலகை, அளந்து செய்தது போலத் தாடைக்கு நேராக. தாடை சுபஸ்ரீயுடையது.

இரண்டு வருஷம் கழித்து இலக்கியா என்ன உயரம் இருப்பாளோ, அந்த உயரத்தில் ஒருத்தி குடும்பத்தில் ஏற்கெனவே இருக்கிறாள் என்பது தங்கதுரைக்கு அப்போதுதான் உறைத்தது. அன்று அவர் சாப்பிடவில்லை.

முகாம் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, வெங்கடேசன் குடும்பத்தோடு இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தார். அக்கா கையில் கட்டைப்பை இல்லை என்பதைத்தான் தங்கதுரை முதலில் கவனித்தார். கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

"தம்பி, நீ இல்லன்னா எம்பொண்ணுக்கு மெடலே இல்ல" என்று வெங்கடேசன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "உன் பலகைலதான் ஜெயிச்சா. ஊரெல்லாம் சொல்லிக்கினு வரேன்."

தங்கதுரை யோசித்துப் பார்த்தார். அட, உண்மைதானே! சகலை மகள் இந்த வீட்டுப் பொருளைப் போட்டுக்கொண்டல்லவா ஜெயித்திருக்கிறாள்! அடுப்பு அணைந்தது. முதுகு தானாக நிமிர்ந்தது. பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாக சகலைக்கு அவரே காபி ஆற்றிக் கொடுத்தார்.

"அதுக்கின்னாண்ணா, எங்க வூட்டுப் பொருள் ராசி அப்டி. பலகை எங்க? செவுத்துல மாட்டி வெக்கணும்."

அக்கா இனிப்புப் பெட்டியை நீட்டினாள்.

"அடுத்த வருஷமும் சுபாவ கூப்ட்டுகிறாங்க தம்பி, அதனால அது எங்க வூட்டுலயே இருக்கட்டும். அவளுக்குப் பத்தாம போனதும் எப்பவும் போல தொடச்சி இலக்கியாவுக்குக் குடுத்து அனுப்பறேன்."