வண்டு மேய்க்கும் உத்தியோகம்

நெப்ராஸ்கா
மார்ச் 14, 1993

என் மதிப்புக்குரிய அக்கா லுவெல்லாவுக்கு,

உன் தம்பி எல்டன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் ஐரீனும், என் இடது முழங்கால் ஒன்று நீங்கலாக, சௌக்கியம். அரிசோனா வெயிலில் உன் மூட்டுவலி குறைந்திருக்கும், அத்தானுக்கும் காது கொஞ்சம் தெளிந்திருக்கும் என்று நம்புகிறேன். நீ அனுப்பிய ஆரஞ்சுப் பெட்டி வந்து சேர்ந்தது. அடி வரிசை மட்டும் வழியிலேயே சாறாகிவிட்டது. தபால்காரர் அதற்காக வருத்தம் தெரிவித்தார்.

மார்லாவைக் காலேஜிலிருந்து திரும்பக் கூட்டிக்கொண்டு வரப்போகிறேன் என்று போன மாதம் உன்னிடம் தொலைபேசியில் கத்தினேன் அல்லவா? போனேன். தனியாகத் திரும்பி வந்திருக்கிறேன். அது ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். தொலைபேசியில் சொன்னால் நீ நடுநடுவே சிரிப்பாய், எனக்குத் தொடர்ச்சி விட்டுப்போகும்.

முதல் தப்பு என்னுடையதுதான். சென்ற வசந்தத்தில் காலேஜ் உதவிக் கடிதம் வந்தபோது அதில் மூன்று வரிகள் இருந்தன. நான் மூன்றையும் கூட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தேவாலய விருந்தில் எழுந்து நின்று, என் மகளைப் பணக்காரன் பிள்ளை மாதிரி சும்மா படிக்க வைக்கிறார்கள் என்று அறிவித்தும் விட்டேன். ஆகஸ்டில் பில் வந்தது. மூன்றாவது வரியைக் கழிக்கவே இல்லை! உடனே காலேஜின் உதவித்தொகை அலுவலகத்துக்கு போன் போட்டேன். ஹாஸ்கெல் என்று ஒரு மனிதர் எடுத்தார். நான் கத்தக் கத்த அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது, அக்கா, கடைசியில் அவர் சொல்வது கேட்க வேண்டுமே என்பதற்காகவே நான் வாயை மூட வேண்டியதாயிற்று.

"சார், முதல் வரி திருப்பித் தர வேண்டாதது. ரெண்டாவது கடன், திருப்பித் தரணும். மூணாவது, உங்க பொண்ணு உழைச்சு வாங்கிக்கணும். வேலை இங்கேயே இருக்கும், ஆனா அவளே தேடிப் பிடிக்கணும். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை சம்பளம் நேரா அவ கைக்குப் போகும். அதுல பெரும்பங்கு அரசாங்கம் போடும், மிச்சத்தை நாங்க போடுவோம். வேலை பார்க்கலைன்னா அந்த வரி வெறும் எழுத்துதான்."

"அப்ப அது உதவி இல்லையே, வேலைதானே?"

"வேலை கிடைக்கிறதே ஒரு உதவிதானே சார்."

"அந்த உதவியை நான் தானியக் கிடங்குல முப்பத்தாறு வருஷமா வாங்கிக்கிட்டிருக்கேன்" என்றேன். மனிதர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் நம் மார்லாவைப் பற்றி உனக்குத் தெரியும். கடையில் பாலாடைக்கட்டி அரை பவுண்டு கேட்பதற்குக்கூட என்னை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் நிற்கிற பெண். பல் வைத்தியரிடம் எந்தப் பல் வலிக்கிறது என்று ஐரீன்தான் சொல்ல வேண்டும். இவள் போய் யாரிடம் வேலை கேட்பாள்? கேட்கவில்லை. நூலகம், புத்தகக் கடை, கணக்கு சொல்லித் தருகிற வேலை எல்லாம் வாயுள்ள பிள்ளைகள் முதல் வாரத்திலேயே கொண்டு போய்விட்டார்கள். அறிவிப்புப் பலகையில் மிஞ்சியிருந்த ஒரே சீட்டில், "உயிரியல் அருங்காட்சியகம், அடித்தளம். அதிகம் பேச வேண்டியதில்லை. மூக்கு திடமாக இருக்க வேண்டும்" என்று எழுதியிருந்ததாம். இரண்டாவது வாக்கியத்தைப் படித்ததுமே சீட்டைக் கிழித்து எடுத்துக்கொண்டாளாம். பிறகு எனக்கு போன் செய்தாள்.

"அப்பா, வேலை கிடைச்சிருச்சு. வண்டுகளுக்குத் தீனி போடணும்."

"என்ன தீனி?"

"செத்த மிருகம்ப்பா."

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போய்விட்டது. கிறிஸ்துமஸுக்கு வந்தாள். வாசனைச் சோப்புப் போட்டு மூன்று தரம் குளித்தாள், அப்படியும் நம் நாய் அவள் காலடியைவிட்டு நகர மாட்டேன் என்றது. கண்கூடாகத் தெரிந்துவிட்டதே! ஊரான் பிள்ளைகள் பந்து விளையாட, என் மகள் பொந்துக்குள் உட்கார்ந்து பிணத்துக்குக் காவலா? ஐரீன் சொன்னாள், "எல்டன், போகாதீங்க, அவ ஒண்ணும் அழலையே." வாய் பேசாத பெண் எப்படி அழுது காட்டுவாள் என்று கேட்டுவிட்டு, சாவு வீட்டுக்குப் போடுகிற கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, ஐரீன் கட்டிக்கொடுத்த புகைபோட்ட இறைச்சிப் பொட்டலத்தோடு நாலு மணி நேரம் வண்டி ஓட்டினேன்.

போய் வண்டியை நிறுத்தி இறங்குகிறேன், ஒரு பையன் வந்து கண்ணாடியில் அபராதச் சீட்டைச் செருகுகிறான். விட்டேனா, ஏழை வீட்டுப் பிள்ளைகளை வேலை வாங்குகிற அநியாயத்தைப் பற்றி ஐந்து நிமிஷம் பொரிந்து தள்ளினேன். அவன் தொப்பியைத் தூக்கி, "நானும் அந்த உதவிப் பட்டியல்தான் சார், வேதியியல் ரெண்டாம் வருஷம்" என்றான். சரி, வழி கேட்போம் என்று விசாரணை ஜன்னலில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் போய் அவளிடமும் ஆரம்பித்தேன். "நானும்தான் சார்." போகிற வழியில் நாட்டிய வகுப்புக்குப் பியானோ வாசித்துக்கொண்டிருந்தவனும் அதேதானாம். சாப்பாட்டுக் கூடத்தில் தட்டு கழுவியவனும், பனி வழித்தவளும், பழைய செய்தித்தாள்களைப் படமெடுத்துச் சேர்த்துக்கொண்டிருந்தவனும் அதே. ஹாஸ்கெலின் அறை வாசலில் "உள்ள போங்க சார், காத்துக்கிட்டிருக்கார்" என்று சொன்ன குட்டைமுடிப் பெண்ணை நான் கேட்கவே இல்லை. அவளே, "ஆமா சார், நானும்தான்" என்றாள். நான் வருவதற்கு முன்பே செய்தி போய்விட்டது போல. அக்கா, இந்தப் பிள்ளைகள் ஒரே ஒரு நாள் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினால் அந்தக் காலேஜின் கதவைத் திறக்க ஆள் இருக்காது! நான் கோபமாகப் போனவன், ஆனாலும் சத்தியமாகச் சொல்கிறேன், கொஞ்சம் மலைத்துத்தான் போனேன்.

ஹாஸ்கெல் நேரில் பார்க்க, குரலைவிட மெலிசாக இருந்தார். "படிப்பு கெட்டுப்போகாதா?" என்று கேட்டேன்.

"வகுப்பு நேரத்துல வேலை பார்க்க விடமாட்டோம் சார். வாரத்துக்குப் பத்து மணி நேரம்தான். ஒதுக்கின தொகை தீர்ந்துட்டா அந்த வருஷத்து வேலையும் அதோட முடிஞ்சிரும். அவ செய்யற வேலையைப் பார்த்தீங்களா?"

"பார்க்க வேண்டாம். நாய் சொல்லிருச்சு."

அவர் விலகல் படிவம் ஒன்றை எடுத்து மடித்து என் கையில் கொடுத்தார். "ஒரு தடவை பார்த்துட்டு வாங்க. அப்பவும் கூட்டிட்டுப் போறதா இருந்தா, அவ சம்மதிச்சா, நானே நிரப்பித் தர்றேன்."

அடித்தளத்துக்குப் போனேன். ரப்பர் மேலங்கியும் கயிற்றில் தொங்கும் கண்ணாடியுமாக ஒரு அம்மாள், பிளங்கெட் என்று பெயர், அருங்காட்சியகத்துக்கே பொறுப்பு அவர்தான். என்னைப் பார்த்ததும் கையை நீட்டினார். குலுக்கத்தான் என்று நானும் நீட்டினால், இறைச்சிப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டார். "இதோட உள்ள போனா உங்களுக்கு எலும்புதான் மிஞ்சும்!" அதற்குள் மார்லா வந்தாள். இரண்டு கதவு, நடுவே ஒரு சின்ன இடம்.

"அப்பா, அந்தக் கதவை மூடுங்க. நல்லா மூடுங்க. மூடினாத்தான் இதைத் திறப்பேன். ஒண்ணு வெளிய போனாலும் மேல பதம் பண்ணி வெச்சிருக்கற பறவையெல்லாம் போச்சு."

என் மகள் என்னை அதட்டினாள், அக்கா! நான் அப்படியே மூடினேன்.

உள்ளே வெதுவெதுப்பு, இருட்டு, அந்த நாற்றம். அதைப் பற்றி எழுத மாட்டேன், நீ சாப்பிடுகிற நேரமாக இருக்கலாம். ஆனால் சத்தம் ஒன்று இருந்தது. பாலில் பொரியைக் கொட்டினால் மெல்லமாக நொறுங்குமே, அது மாதிரி. அத்தனையும் வண்டு. அரிசி அளவு. ஆயிரக்கணக்கில், ஒரு கண்ணாடித் தொட்டிக்குள், ஒன்றையொன்று இடிக்காமல் தின்றுகொண்டிருந்தன. கத்தி வைத்துச் சுரண்டினால் முறிந்துபோகிற எலும்பை இவை கீறல் விழாமல் துடைத்துத் தருமாம். ஒவ்வொரு எலும்போடும் ஒரு எண் சீட்டு. அவள் தினமும் வந்து தண்ணீர் தெளித்து, முடிந்ததை எடுத்து, விரல் நகம் அளவு துண்டைக்கூட விடாமல் எண்ணி வைக்க வேண்டும்.

அப்புறம் துணி விரித்த மேசையில் ஒன்றைக் காட்டினாள். "இது நம்ம ஊர்க் கொக்குப்பா. மின்கம்பியில அடிபட்டு விழுந்தது."

வெள்ளை வெளேரென்று நெஞ்செலும்பு. படகின் அடிப்பாகம் மாதிரி. அதைத் திருப்பினாள். உள்ளே குடைந்து, குழாய் ஒன்று சுருண்டு போயிருந்தது.

"இது என்னது?"

"மூச்சுக்குழாய். கழுத்தோட நிக்காம நெஞ்செலும்புக்குள்ள புகுந்து வளைஞ்சு வருது. கொக்கு கத்தற சத்தம் இதுலதான்ப்பா ஊறி வருது. அதான் ரெண்டு மைலுக்குக் கேக்குது."

அக்கா, பிளாட் ஆற்றுக்குப் பத்து லட்சம் கொக்கு இறங்குகிற ஊரில் அறுபது மார்ச் மாதம் வாழ்ந்திருக்கிறேன். கிடங்கு இயந்திரத்தையும் மீறி அதுகள் கத்துவதைக் கேட்டுச் சலித்திருக்கிறேன். எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மார்லா பேசினாள். என் கடிகாரத்தில் நாற்பது நிமிஷம். பிறந்ததிலிருந்து பேசியதை எல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு வராது.

வெளியே வந்து பிளங்கெட் அம்மாளிடம், "எப்படி இவ?" என்று கேட்டேன்.

"இருபது வருஷத்துல, ஒரு கால்விரல் எலும்பைக்கூடத் தொலைக்காத முதல் ஆள். இவளைக் கூட்டிக்கிட்டுப் போயிராதீங்க."

திரும்பும் வழியில் படிவத்தைக் குட்டைமுடிப் பெண்ணின் மேசையில் வைத்தேன். "கையெழுத்துப் போடலையா சார்?" என்றாள். "பேனா எழுதலம்மா" என்றேன். அவள் மேசையில் ஏழெட்டுப் பேனா இருந்தது. படிவத்தை எடுத்து இழுப்பறைக்குள் போட்டுக்கொண்டாள், நல்ல பெண்.

வீட்டுக்கு வந்த மறுநாள் விடியற்காலை வயலோரம் போய் நின்றேன். வானம் தெரியாத அளவுக்குக் கொக்கு. ஒவ்வொன்றும் நெஞ்சுக்குள் ஒரு சுருளை வைத்துக்கொண்டு கத்துகிறது. எனக்கு முழங்கால் வலியே தெரியவில்லை. இதைச் சவரக்கடையில் சொன்னேன், தீவனக் கடையில் சொன்னேன், பாதிரியாரிடமும் சொன்னேன். இன்றைக்கு ஊர் முழுக்கத் தெரியும், எல்டன் வாசெக்கின் மகள் எலும்பு விஞ்ஞானி ஆகப்போகிறாள், அந்த வண்டுகள் இருக்கும்வரை அவள் அவற்றைவிட்டு வரமாட்டாள் என்று.

உனக்கும் அத்தானுக்கும் ஆண்டவர் நல்ல தூக்கத்தையும் வலியில்லாத முட்டிகளையும் அருளட்டும். ஐரீன் தன் அன்பைத் தனியாகச் சொல்லச் சொன்னாள், இதோ சொல்லிவிட்டேன்.

என்றும் உன் பாசமுள்ள தம்பி,
எல்டன் வாசெக்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது மார்லா கூப்பிட்டாள். வண்டு வேலையை விட்டுவிட்டாளாம்! பிளங்கெட் அம்மாள் அழாத குறையாம். ஈஸ்டர் விடுமுறை முடிந்ததும் காலேஜின் தொலைபேசி இணைப்பகத்தில் உட்கார்ந்து, வருகிற அழைப்பையெல்லாம் எடுத்துப் பேசுகிற வேலைக்கு அவளே போய்க் கேட்டு வாங்கியிருக்கிறாள். "ஏம்மா, நீயா?" என்றேன். "செத்ததுகிட்ட பயம் போயிருச்சுப்பா. இனிமே உயிரோட இருக்கறவங்ககிட்ட போக்கணும்" என்றாள். ஊருக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று தெரியவில்லை, அது கிடக்கட்டும். விடுமுறை முடிந்த திங்கட்கிழமை காலை அந்தக் காலேஜுக்கு போன் போடப்போகிறேன். எனக்கு அங்கே கேட்க வேண்டியது ஒன்றும் இல்லை. எடுத்து "வணக்கம், யார் வேணும்?" என்று அவள் கேட்பாளே, அதைக் கேட்டுவிட்டு வைத்துவிடுவேன்.