தொடாமலே விழித்த அணுக்கள்

“இதுவும் முழிச்சிருக்குண்ணா” என்றாள் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த சோடாபுட்டி, அழுகையை அடக்கிக்கொண்டு.

ரத்தத்தின் வெள்ளையணுக்களோடு பாக்டீரியாவின் மேலுறைத் துணுக்கைச் சேர்த்தால், ‘எதிரி வந்துட்டான்’ என்று கூவும் மரபணுக்கள் வேலையைத் தொடங்கும். எதையும் சேர்க்காத தட்டில் அவை வாயை மூடிக்கொண்டு கிடக்க வேண்டும். இங்கே அந்தத் தட்டும் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது.

“தண்ணில ஏதாவது கலந்திருக்கும்” என்றான் மூத்த ஆய்வாளனான நெட்டையன்.

அவனுக்குக் காரணம் தெரியும். ரத்தம் தர வேண்டியவர் வராத அன்று, சீழ் கட்டிய கடைவாய்ப் பல்லை மறைத்துக்கொண்டு, தானே போய் ரத்தம் எடுக்கும் நர்ஸம்மாவிடம் கையை நீட்டியிருந்தான். அந்த ரத்தத்திலிருந்து பிரித்து உறையவைத்த அணுக்கள்தான் இவை.

சோடாபுட்டி மூன்று மாதமாகப் பார்த்துப் பார்த்துக் கலக்கிய கரைசல்களையெல்லாம் தொட்டியில் கொட்டினாள். புதிதாகக் கலக்கினாள். அணுக்கள் விழித்தே இருந்தன.

“பாட்டில மாத்திப் பாரேன்.”

மாற்றினாள். அதே கூச்சல்.

“கையுறைய ஒழுங்கா போட்டியா?”

நெட்டையனுக்கு வாய் தவறி வந்துவிட்டது. அதற்குள் ஆய்வகத் தலைவியான மேடம் பின்னால் வந்து நின்றிருந்தார்.

“கை சுத்தமில்லன்னா இந்த ரூம்ல என்ன வேலை? நாளைலேர்ந்து பாட்டில் கழுவப் போ.”

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “சரிங்க மேடம். அண்ணா எவ்வளவோ சொல்லிக் குடுத்தாரு. என் கைக்குத்தான் வரல.”

நெட்டையனை வெட்கம் பிடுங்கித் தின்றது. தலை நிமிராமலே சொன்னான்.

“அவ மேல தப்பில்ல மேடம். அது என் ரத்தம். பல்லுல சீழோட போய்க் குடுத்தேன். சொல்லத் தைரியம் வரல.”

சோடாபுட்டி அவனையே பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

மேடம் வெடித்தார். “உடம்பு சரியில்லாம ரத்தம் குடுத்துட்டு, பழிய அடுத்தவ தலைல போடுவியா? படிச்சவன் செய்யற காரியமா இது?”

அடுத்த ரத்தத்துக்குக் கையெழுத்து வாங்க வந்த நர்ஸம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். சொல்லாதே என்று மேடம் கண்ணைக் காட்டியதை அவர் கவனிக்கவில்லை.

“ஐயோ சார், அன்னிக்கு ஊசியப் பாத்ததுமே நீங்க மயங்கி விழுந்துட்டீங்க, நீங்க வெக்கப்படக் கூடாதேன்னு கையில பஞ்ச மட்டும் ஒட்டிவிட்டேன், ட்யூப்ல இருந்தது காய்ச்சலோட வந்து கை நீட்டின மேடத்தோட ரத்தம்!”