எட்டு கே அப்பச்சி

தெளிவுப் பித்தர்கள் என்று ஓர் இனம் உண்டு. கல்யாண வீட்டில் தாலி கட்டும் நேரத்தில் வீடியோக்காரரின் காதருகே போய் ‘படத்தோட தெளிவு நாலு கேயா, எட்டு கேயா?’ என்று விசாரிப்பவர், பேத்தியின் முதல் நடையைக் கைப்பேசியில் அனுப்பினால் ‘ஹெச்டியில அனுப்பு’ என்று பதில் போடுபவர், சுவரை அடைக்கிற டிவி வாங்கி அதில் ராசிபலன் பார்ப்பவர். மூக்குக்கண்ணாடியை மட்டும் மாற்றவே மாட்டார்.

காரைக்குடி வெங்கட்ராமன் இந்த இனத்தின் தலைமகன். கொத்தமங்கலத்துப் பூர்வீக வீட்டு அலமாரியில் அவருக்கு ஒரு எட்டு மில்லிமீட்டர் படச்சுருள் அகப்பட்டது. அதில் ஏதோ கல்யாணப் பந்தியில் அவருடைய அப்பச்சி, அதாவது அப்பா, இலை இலையாக விசாரித்துக்கொண்டு நடந்து வருகிறார். அப்பச்சி காலமானபோது தங்கை சிகப்பி கைக்குழந்தை. பெற்றவரை அவள் போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள். தங்கை வீட்டுக்காரரின் அறுபது நிறைந்த சாந்திக் கல்யாணத்தில் இதைத் திரையில் ஓட்டி அவளுக்கு அப்பாவைக் காட்டிவிட வேண்டும் என்று அண்ணனுக்கு ஆசை. நல்ல ஆசைதான், யார் குறை சொன்னார்கள்?

செக்காலையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் பர்வீன் பானு சுருளை ஸ்கேன் செய்து காட்டினார். அப்பச்சி நடந்தார், குனிந்தார், சிரித்தார். வெங்கட்ராமன் திரையில் மூக்கு இடிக்கப் பார்த்தார்.

“என்னம்மா, பொடிப்பொடியாத் தெரியுது?”

“அது பிலிமோட குருணைண்ணே. அதுல இருக்கறதே இம்புட்டுத்தான். சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்?”

“நீ எட்டு கேல போடும்மா. அப்பச்சி மீசை முடிமுடியாத் தெரியணும்.”

பிலிமில் இல்லாததை எங்கிருந்து எடுப்பது? கம்ப்யூட்டர் தானாகவே இட்டுக்கட்டி நிரப்பியது. பற்பசை விளம்பரத்து மாப்பிள்ளை போல ஒருவர் பளபளவென்று வந்து நின்றார். வெங்கட்ராமனுக்கு உள்ளே சுருக்கென்றது. ஆனாலும் முடி தெரிகிறதே! வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

சாந்தியன்று வளவு முற்றம் நிறைய சனம். திரையில் எட்டு கே ஓடியது. சிகப்பி இமைக்காமல் பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்:

“இது யாருண்ணே?”

படம் ஓட்ட வந்திருந்த பர்வீன் பானு, தன் கைப்பேசியில் இருந்த முதல் பிரதியைச் சிகப்பியிடம் நீட்டினார். கட்டைவிரல் அளவு அப்பச்சி, குருணையோடு நடந்து வந்தார்.

“அண்ணே! அப்பச்சி உங்களாட்டமே தோளைச் சாச்சுக்கிட்டு நடக்குறாகளே!” என்று சிகப்பி விம்மினாள்.

வெங்கட்ராமன் எட்டிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, “என்னம்மா இது, ஒரே மங்கலா இருக்கே?” என்றார்.

“மொதல்ல கண்ணைத் தொடைங்கண்ணே,” என்றார் பர்வீன் பானு.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சரி, சிரியுங்கள். ஆனால் போன வாரம் ஊரிலிருந்து உங்கள் அம்மாவின் படம் வந்ததே, அதை இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கினீர்களே, அவர் இளைத்திருப்பது கண்ணில் பட்டதா?