இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் சாகாதவர்

பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும் உரிய எழுத்தாளர் ஐயா அவர்களுக்கு,

மிகப் பெரிய செய்தி ஐயா, உங்கள் ஏழாவது நாவலின் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நீங்கள் வெள்ளத்தில் தள்ளிவிட்ட வானிலைக்காரர் சாகவே இல்லை, உயிரோடு இருக்கிறார், உடம்புக்கு ஒன்றுமில்லை, ஆறு வாரமாக அவரைக் காப்பாற்றி வைத்திருப்பது நான்தான்!!!

எடுத்த எடுப்பில் இப்படிச் சொன்னதற்கு மன்னிக்கவும். முறைப்படி ஆரம்பிக்கிறேன். இங்கே நான் சௌக்கியம். நீங்கள் சௌக்கியமா என்று கேட்கவில்லை, ஏனென்றால் காலையில் நீங்கள் போட்ட ரோஜாத் தொட்டிப் படத்தின் ஓரத்தில் உங்கள் கட்டைவிரல் தெரிந்தது, நல்ல நிறமாக இருந்தது.

நான் உங்கள் ரசிகர் குழுவின் அட்மின். குழுவில் நாற்பத்து மூன்று பேர், அதில் ஆறு பேர் நானே. பகலில் செல்போன் கடையில் உடைந்த திரை மாற்றுகிறேன், அதுவும் வீடியோ பார்த்துக் கற்றதுதான். உங்கள் புத்தகங்கள் எல்லாவற்றையும் மூன்று வடிவிலும் வைத்திருக்கிறேன். அச்சுப் புத்தகம் படம் எடுத்துப் போட, மின்னூல் படிக்க, ஒலிநூல் பாத்திரம் தேய்க்க. ஒலிநூலை ஒன்றே முக்கால் மடங்கு வேகத்தில்தான் கேட்பேன். உங்கள் மூன்றாவது நாவலில் வருகிற மரணப் படுக்கைக் காட்சி அந்த வேகத்தில் நாலு நிமிஷத்தில் முடிந்துவிடும், ரொம்பச் சிறப்பாக இருக்கும்.

நான் தங்கியிருப்பது பெரியம்மா வீட்டில். பெரியப்பா ஒலிநூல் கட்சி. போட்ட மூன்றாவது நிமிஷம் தூங்கிவிடுவார், அடுத்த நாள் எங்கே விட்டார் என்று தெரியாததால் வேறு புத்தகம் போடுவார். அறுபது நாவலின் முதல் அத்தியாயம் மட்டும் தெரிந்த மனிதர். கேட்டால், "எல்லாக் கதையும் நல்லாத்தான் ஆரம்பிக்குது" என்பார். பெரியம்மா அச்சுக் கட்சி. முன்னறையில் மூன்று மெஷின் போட்டுச் சீருடை தைக்கிறார், துணி வெட்டும் மேஜையில் எப்போதும் ஒரு நாவல் கிடக்கும், விட்ட இடத்தில் வெட்டிய துண்டுத் துணி நீட்டிக்கொண்டிருக்கும். பெரியம்மாவுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. எந்தப் புத்தகம் என்றாலும் கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிடுவார். "தைக்கிறதுக்கு முன்னாடி முழுச் சட்டை எப்படி நிக்கும்னு தெரிய வேணாமாடி?" என்பார். இந்த ஒரு பழக்கத்தால்தான் ஐயா இவ்வளவும் வந்தது.

பெரியம்மாவுக்கு வலது கண்ணில் விழித்திரை கிழிந்துவிட்டது. முதலில் எங்களுக்கு அது தெரியவில்லை, எழுத்து மங்குகிறது என்றுதான் சொன்னார். நான் பெரிய அறிவாளி மாதிரி உங்கள் புதிய நாவலின் மின்னூலை அவர் போனில் ஏற்றி, எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். "இன்னும் பெருசா" என்றார். ஆக்கினேன். "இன்னும்" என்றார். கடைசியில் ஒரு பக்கத்துக்கு ஒரு வார்த்தை என்று ஆகிவிட்டது. 'வானத்தை', தள்ளு, 'அண்ணாந்து', தள்ளு, 'பார்த்தார்'. அரைமணி நேரம் கழித்துப் பெரியம்மா, "இந்த மனுஷன் இன்னும் வானத்தைப் பாத்து முடிக்கலையா?" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மறுநாள் ஆஸ்பத்திரி, அதற்கு மறுநாள் ஆபரேஷன்.

டாக்டர் சொன்ன நிபந்தனைகள் மூன்று. முதல் வாரம் முழுக்கக் குப்புறப் படுத்திருக்க வேண்டும். ஆறு வாரத்துக்குப் படிப்பு, தையல் இரண்டும் கூடாது. அழவே கூடாது, ஏனென்றால் அழுதால் கண்ணைக் கசக்குவார், கசக்கினால் தையல் மெஷினை மறந்துவிட வேண்டியதுதான்.

"அழுகாச்சி சீரியலெல்லாம் பாப்பீங்களாம்மா?"

"சீரியல் பாக்கறதில்ல டாக்டர். கதைப் புத்தகம்தான்."

"யாராவது வாசிச்சுக் கேட்டா பரவாயில்ல."

"நீங்க இந்தாளு புத்தகம் படிச்சதில்லன்னு நினைக்கிறேன்" என்றார் பெரியம்மா. மன்னிக்கவும் ஐயா, சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் ஒலிநூலைப் போட்டேன். பழக்கதோஷத்தில் ஒன்றே முக்கால் வேகம். தலையணையில் முகம் புதைத்தபடியே பெரியம்மா, "யாருடி இவன், பஸ்ஸைப் பிடிக்கப் போறானா?" என்றார். வேகத்தைக் குறைத்தேன். "இப்ப இவனுக்கே பல்லுவலி மாதிரி இருக்கே" என்றார். பிறகு, "சரி, கடைசிப் பக்கத்தைப் போடு" என்றார். ஒலிநூலில் பக்கம் ஏது? விரலால் இழுத்துத் தேடினால் ஒரு தடவை நன்றியுரை வந்தது, ஒரு தடவை அடுத்த நாவலின் விளம்பரம் வந்தது. "அந்தக் கருமத்தை நிறுத்திட்டு நீயே புத்தகத்தை எடுத்து வாசி. கடைசிப் பக்கம் முதல்ல."

எடுத்தேன். அங்கே என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். வெள்ளம் வரும் வரும் என்று பதினேழு அத்தியாயமாகக் கத்தி, யாரும் காதில் போட்டுக்கொள்ளாமல், கடைசியில் அதே வெள்ளத்தில் போன மனிதருக்கு ஊரே கூடிக் கல் நடுகிறது. மகள் அந்தக் கல்லைக் கட்டிப்பிடித்து அழுகிறாள். நானே கடை வாசலில் உட்கார்ந்து அழுத பக்கம் அது. எதிரே கண்ணில் கட்டோடு பெரியம்மா குப்புறக் கிடக்கிறார், டாக்டர் சொன்னது காதில் கேட்கிறது. வாய் தானாகத் திறந்து, "மகள் ஓடி வந்து அப்பாவைக் கட்டிப்பிடித்தாள். வானம் தெளிவாக இருந்தது" என்று வாசித்துவிட்டது.

"அப்ப ஆளு பொழைச்சிடுறான்."

"ஆமா பெரியம்மா."

"நல்லது. இனி தைரியமாக் கேக்கலாம். முதல் பக்கம் வா."

குப்புறப் படுத்திருந்ததால் தப்பித்தேன், என் மூஞ்சியைப் பார்த்திருந்தால் அப்போதே பிடித்திருப்பார். ஆனால் அந்தக் கணமே நான் மாட்டிக்கொண்டேன் ஐயா. கடைசிப் பக்கத்தில் ஆள் உயிரோடு இருக்கிறார் என்றால், நடுவில் எங்கேயும் அவரைச் சாகவிட முடியாது. இருநூற்றுப் பதினொன்று வரை உங்கள் எழுத்து, ஒரு கமாவைக்கூடத் தொடவில்லை, சத்தியமாக. இருநூற்றுப் பன்னிரண்டில் ஒரு மரக்கிளையைக் கொண்டுவந்தேன், அதைப் பிடித்துக் கரையேறிவிட்டார். பிரச்சினை அதற்கப்புறம்தான். மிச்சமிருக்கும் நூற்று இருபது பக்கமும் அவர் செத்ததற்காக மற்றவர்கள் அழுவதுதானே? உங்களுக்கு இரக்கமே இல்லையா ஐயா, ஒரு பக்கத்திலாவது யாராவது சிரிக்கக் கூடாதா? மனைவி அவருடைய காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். நான் அவரைக் குளிக்க அனுப்பினேன். மூன்று பக்கத்துக்குக் குளித்தார். ஊர்க்காரர்கள் பூவோடு வருகிறார்கள். பிறந்தநாள் என்றேன். வக்கீல் வந்து உயில் வாசிக்கிறார். அதை மளிகைச் சாமான் பட்டியல் ஆக்கினேன், "வக்கீல் எதுக்கு மளிகை லிஸ்டை வாசிக்கிறாரு?" என்று கேட்டார், "ரொம்ப வேண்டியவர் பெரியம்மா" என்றேன். நினைவுக் கல் திறப்பு விழாவுக்கு அவரையே சிறப்பு விருந்தினர் ஆக்கினேன்.

எல்லாவற்றையும் சமாளித்தேன், கணக்கு வாத்தியாரைத்தான் சமாளிக்க முடியவில்லை. அந்த மனைவிக்கு இரண்டாம் கல்யாணம் செய்துவைக்க நீங்கள் ஒரு வாத்தியாரைக் கொண்டுவருகிறீர்கள் பாருங்கள், புருஷன் உயிரோடு இருக்கிற வீட்டுக்கு அந்த ஆள் தினம் வந்தால் நான் என்ன பண்ணுவேன்? மாடியில் குடிவைத்தேன். பெரியம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

"அவன் எதுக்குடி ஓயாம கீழ வர்றான்?"

"தண்ணி வரலன்னு சொல்ல வர்றாரு பெரியம்மா."

"அந்தப் பொம்பள எதுக்கு அவன் சட்டைக்குப் பொத்தான் தைக்குது? கட்டின புருஷன் கண்ணெதிரே இருக்கான்ல? அவனுக்கு மழை வர்றது தெரியுது, இது தெரியலையா?"

கோபம் பயங்கரமாக வந்தது. டாக்டர் கோபப்படக் கூடாது என்று சொல்லாததால் விட்டுவிட்டேன்.

இந்த இடத்தில் என் வாசிப்பு அனுபவத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை நாள் மின்னூல்தான் உசத்தி என்று குழுவில் அடித்துப் பேசியவள் நான், இப்போது கட்சி மாறிவிட்டேன். பொய் வாசிப்பதற்கு அச்சுப் புத்தகம் மாதிரி எதுவும் வராது. கதை தட்டுகிற இடத்தில் பக்கத்தைத் திருப்பலாம், சரக்கென்று சத்தம் வரும், யோசிக்க ஒரு விநாடி கிடைக்கும், கேட்கிறவருக்கும் நம்பிக்கை வரும். சில நாள் ஒரே பக்கத்தை நாலு தடவை திருப்பியிருக்கிறேன். பெரியப்பா பக்கத்துக் கட்டிலில் எல்லா நாளும் மூன்றாவது நிமிஷம் தூங்கிவிட்டதால் சாட்சி என்று யாரும் கிடையாது. ஒருநாள் நான் சொந்தமாக அவிழ்த்துவிட்ட ஒரு மழைக் காட்சியைக் கேட்டுவிட்டு, "இப்பத்தான் இந்தாளுக்கு எழுத வருது" என்றார் பெரியம்மா. இதை நான் குழுவில் போடவில்லை, உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

ஆறு வாரம் முடிந்தது. ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. திங்கட்கிழமை டாக்டர் பார்த்துவிட்டு, இந்தக் கண் தேறிவிட்டது, தினம் பத்து நிமிஷம் படிக்கலாம், இடது கண்ணிலும் கிழிசல் ஆரம்பித்திருக்கிறது, அடுத்த மாதம் அதற்கு ஆபரேஷன் என்றார். வெளியே வந்ததும் பெரியம்மா, "அந்தப் புத்தகத்தை எடு, நானே ஒரு தடவை படிச்சிடுறேன். கேட்டதெல்லாம் படிச்ச கணக்குல வராது" என்றார். என் பிரதியைக் கடையில் உடைந்த திரைகள் போடும் பெட்டிக்கு அடியில் ஒளித்துவிட்டு, சிநேகிதி வாங்கிப் போனாள் என்றேன். பெரியம்மா கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு நேராகத் தெருமுனைப் புத்தகக் கடைக்குப் போய்விட்டார்.

அங்கே நடந்ததைப் பெரியப்பா வந்து சொன்னார். பெரியம்மா நின்றபடியே கடைசிப் பக்கத்தைத் திறந்திருக்கிறார். உடனே மூடி, "இது தப்பா அச்சாயிருக்கு, வேற குடுங்க" என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் இன்னொன்று கொடுத்தார். அதிலும் ஆள் உயிரோடு இல்லை. மூன்றாவது, நாலாவது.

"அம்மா, எல்லாம் ஒண்ணுதாம்மா."

"எல்லாமே தப்பா? அடுக்கி வேற வெச்சிருக்கீங்க?"

அத்தாட்சிக்கு ஒரு பிரதியோடு வீட்டுக்கு வந்தவர், இன்று வெட்டும் மேஜையில் என்னை உட்காரவைத்து, "நீதான் அந்தாளு குரூப்புக்குத் தலைவியாச்சே, எழுது ஒரு புகார்" என்றார். ஐயா, இந்தக் கடிதம்தான் அந்தப் புகார். எதிரே உட்கார்ந்து பெரியம்மா சொல்லச் சொல்ல நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நடுநடுவே "எங்க, எழுதின வரைக்கும் வாசி" என்கிறார். "தங்கள் அச்சகத்தின் அலட்சியத்தை வன்மையாகக் கண்டிக்கிறேன்" என்று வாசிக்கிறேன். "வன்மையா போதாது, இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கோ" என்கிறார்.

எனக்கு நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். 'ஆம், அச்சுப் பிழை, வருந்துகிறோம்' என்று ஒரு வரி பதில். நாவலை மாற்ற வேண்டாம், வானிலைக்காரர் எங்கள் வீட்டில் மட்டும் உயிரோடு இருந்துவிட்டுப் போகட்டும். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அடுத்த மாதம் இடது கண்ணுக்கும் ஆறு வாரம். நான் வாசிப்பேன் என்ற ஒரே நம்பிக்கையில்தான் அந்த ஆபரேஷனுக்கே தலையாட்டியிருக்கிறார். நான் வாசித்தது பொய் என்று தெரிந்தால் மருந்துச் சீட்டைக்கூட என்னிடம் தர மாட்டார், கதை எங்கே தருவார்? பெரியப்பாவை நம்பினால் எல்லாக் கதையும் முதல் அத்தியாயத்தோடு நின்றுவிடும்.

வழக்கமாக என் பதிவு முடிகிற இடத்தில் எல்லோரும் பகிருங்கள் என்று போடுவேன். இதை மட்டும் ஒருவரிடமும் பகிராதீர்கள். உங்கள் பேனாவுக்கு ஆயுசு நூறு, உங்கள் ரோஜாவுக்குப் பூச்சி வரக் கூடாது. வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

என்றும் உங்கள் முதல் ரசிகை,
குழு அட்மின்

பின்குறிப்பு: இதை எழுதுவது அவள் இல்லை, அவளுடைய பெரியம்மா. எழுத்து பெரிதாக இருப்பது கண்ணுக்காக, கோபத்தில் எழுதியதாக எண்ண வேண்டாம். புகாரில் கையெழுத்துப் போடச் சொன்னாள். படிக்காமல் நான் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை. இன்றைய பத்து நிமிஷம் இதற்கே சரியாகப் போயிற்று.

ஐயா, நான் முப்பது வருஷமாகச் சீருடை தைக்கிறேன். ஒரு சட்டையில் கோணல் வந்தால் அது பிழை. நாலு சட்டையிலும் அதே இடத்தில் அதே மாதிரி வந்தால் அதுதான் அளவு. கடையில் நாலாவது புத்தகத்தைத் திறந்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. இவள் என்னதான் எழுதுகிறாள் பார்ப்போம் என்றுதான் புகார் எழுதச் சொன்னேன். ஆகையால் மேலே கேட்ட அச்சுப் பிழைப் பதிலை நீங்கள் அனுப்ப வேண்டாம். நேற்று இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் படித்தேன். நன்றாக அழுதேன். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் எழுதியது சரிதான், நல்ல புத்தகம்.

ஆனால் எனக்கு வேண்டியது இவள் வாசித்த புத்தகம். அது எந்தக் கடையிலும் இல்லை. எழுதி வைத்தாயா என்று கேட்டால், வாய்க்கு வந்ததைச் சொன்னேன் என்று தேம்புகிறாள். அதனால் வரும் ஞாயிறு மாலை நாலு மணிக்கு எங்கள் முன்னறையில் மறுபடி முதலிலிருந்து வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். மெஷின்களை ஓரம் தள்ளினால் பதினைந்து பேர் உட்காரலாம். நீங்கள் அவசியம் வர வேண்டும். தெரிந்தவர்களுக்கும் சொல்லவும், குழுவில் உள்ள மற்ற முப்பத்தேழு பேருக்கும் சொல்லவும். வருகிறவர்கள் யாரும் நடுவில் எழுந்து, புத்தகத்தில் அப்படி இல்லையே என்று சொல்லக் கூடாது. இது உங்களுக்கும் சேர்த்துத்தான்.