கொழுந்து மாடியில் பாரை மீன்

ஒரு வேலையை முழுக்கத் தெரிந்தவனால் ஆபத்தில்லை. ஒன்றுமே தெரியாதவனாலும் ஆபத்தில்லை, அவன் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்பான். பாதி தெரிந்தவன் இருக்கிறானே, அவன்தான் எட்டு வீட்டுச் சாப்பாட்டைக் கெடுப்பான். நான் கெடுத்தேன். பிள்ளைகளே, உங்கள் அம்மா இந்தக் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருப்பாள். என் மேல் இரக்கப்பட்டு ஒரு பகுதியை விட்டுவிட்டுத்தான் சொல்லியிருப்பாள். அதையும் சேர்த்து எழுதுகிறேன்.

அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம். அட்டன் டவுனில், கடைவீதிக்குப் பின்னால் எட்டு வீட்டு வரிசையில் ஒரு அறை எங்களுக்கு. எனக்கு இரண்டு மைல் தள்ளி ஒரு தோட்டத்து ஸ்டோரில் வேலை. (தேயிலை ஃபேக்டரியை எங்கள் பக்கம் ஸ்டோர் என்றுதான் சொல்வோம்.) தேயிலைக் கொழுந்து வாட்டும் மாடிகள் என் பொறுப்பு. கொழுந்தைச் சாக்குத் தட்டுகளில் பரப்ப வேண்டும், கீழே அடுப்பிலிருந்து வரும் சூட்டுக் காற்றைத் திருப்பிவிட வேண்டும், வாடியதும் கீழே தள்ள வேண்டும். இவ்வளவுதான். ஆனால் நான் தெருவில் நடந்துபோனால், லண்டன்காரன் குடிக்கிற தேத்தண்ணியே என் கையில்தான் இருக்கிறது என்பதுபோல் நடப்பேன்.

அந்த வருஷம் மழை விடவே இல்லை. ஒரு நாள் காலையில் றொசல்லப் பக்கம் மலை சரிந்து ரயில் பாதையை மூடியது. மறுநாள் அடுத்த பக்கமும் சரிந்தது. பஸ் ரோட்டும் இரண்டு இடத்தில் போய்விட்டது. டவுன் நடுவில் மாட்டிக்கொண்டது. மேலேயும் போக முடியாது, கீழேயும் போக முடியாது. மூன்றே நாளில் கடைகளில் அரிசி முடிந்தது, மாவு முடிந்தது. எங்கள் வரிசைக்கு முன்னால் கடை வைத்திருந்த காதர் நானா (முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்போம்), காலி மூட்டைகளை மடித்து அடுக்கிவிட்டு, "உப்பு மட்டும் இருக்கு. வீட்டுக்கு அரைச் சுண்டு தாரேன். அதுக்கு மேல கேட்டா என்னையத்தான் உப்புல போடணும்" என்றார்.

தோட்டத்தை நிர்வகிக்கும் துரை கையிருப்பு அரிசியை அன்றன்று வேலைக்கு வந்த தொழிலாளிகளுக்கு மட்டும் அளந்து போடச் சொல்லியிருந்தார். டவுனில் குடியிருந்த எனக்கு அதில் பங்கில்லை.

அந்த நேரத்தில்தான் மீன் வந்தது. எங்கள் பக்கத்து அறை பீட்டர் அண்ணனுக்கு ஸ்டேஷனில் சாமான் இறக்கும் வேலை. அவர் மழையில் ஓடி வந்தார்.

"சூசை, வாடா! கொழும்பிலேருந்து வந்த வண்டி நிக்குதுல்ல, அதுல மீன் பெட்டி. ஐஸ் கரைஞ்சு ஓடுது. அழுகினா நாறும், எடுத்துட்டுப் போங்கன்னு ஏஜெண்டு கையெடுத்துக் கும்புடுறான்!"

எட்டு வீட்டு ஆம்பிளைகளும் காதர் நானாவும் போய் இரண்டு பெட்டி பாரை மீன் தூக்கி வந்தோம். அன்று வயிறு முட்டச் சாப்பிட்டோம். முக்கால்வாசி மீதம் இருந்தது. பாதை திறக்க எத்தனை நாளாகுமோ தெரியாது. அதுவரை எட்டு வீட்டுக்கும் அந்த மீன்தான் சாப்பாடு. ஆனால் எப்படிக் காப்பாற்றுவது? வெயிலைப் பார்த்து இரண்டு வாரம். உப்போ வீட்டுக்கு அரைச் சுண்டு, இரண்டு கைப்பிடிகூட வராது.

காதர் நானா தன் பங்கு மீனைக் கீறி, உள்ள உப்பைத் தடவி, அடுப்புக்கு மேலே கம்பியில் கட்டித் தொங்கவிட்டார். "எல்லாரும் இப்புடிக் கட்டுங்க. புகை பாத்துக்கும்" என்றார்.

நான் சிரித்தேன். (அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே ஒன்று போடத் தோன்றுகிறது.)

"நானா, அதெல்லாம் பழைய முறை. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான ராத்தல் கொழுந்தை மழையிலேயே வாட்டுறவன் நான். எனக்கு இந்த மீன் ஒரு கணக்கா? எங்க மூணாவது மாடி சும்மாதான் கெடக்கு. குடுங்க, ரெண்டே நாள், கருவாடா கொண்டாந்து தர்றேன்."

"கொழுந்துக்கும் மீனுக்கும் ஒரே காத்தா, தம்பி?" என்றார் நானா.

"காத்து காத்துதானே, நானா."

உங்கள் அம்மா என் சட்டையை இழுத்தாள். நான் விடவில்லை. மற்ற ஏழு வீட்டுப் பெண்களும் மீனைக் கழுவி, கீறி, ஆசையாகக் கூடையில் அடுக்கிக் கொடுத்தார்கள். ஒரு அக்கா, "நம்ம சூசை இருக்கப் பயம் என்ன?" என்றுகூடச் சொன்னார்.

ஸ்டோருக்கு ஒரு சட்டம் உண்டு. தேயிலை அடுத்த பொருளின் வாசத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் வெங்காயம், மண்ணெண்ணெய், வாசனை எண்ணெய் எதுவும் உள்ளே வரக்கூடாது. பெண்கள் தலையில் பூ வைத்து வரக்கூடாது. கருவாடு என்ற பேச்சே கிடையாது. அந்தச் சட்டத்தை என்னைவிட மும்முரமாகக் காத்தவன் இல்லை. போன மாதம்தான், தூள் சலிக்கும் செல்லாயி அக்கா சோற்றுச் சட்டியில் கருவாட்டுக் குழம்பு கொண்டு வந்ததைப் பிடித்து, ஸ்டோரை நடத்தும் டீமேக்கர் ஐயாவிடம் சொல்லிக் கொடுத்திருந்தேன். அப்படிப்பட்ட நான் மீன் கூடையைச் சாக்கால் மூடி, கொழுந்துக் கூடைகளோடு கூடையாக மாடிக்கு ஏற்றினேன். டீமேக்கர் ஐயா கண்டிக்குப் போய் மண் சரிவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அது தேவன் காட்டிய வழி என்றே பட்டது. மூன்றாவது மாடித் தட்டுகளில் பாரை மீனை வரிசையாகப் பரப்பினேன். கொழுந்து பரப்புவதுபோலவே, மெல்லிசாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல். அழகாகத்தான் இருந்தது.

நான் மறந்தது இரண்டு. மூன்றாவது மாடியில் கொழுந்து இல்லாவிட்டாலும், காற்று எல்லா மாடியையும் சுற்றித்தான் வரும். அடுத்தது, அந்தக் காற்று காய்ந்த காற்றில்லை. மழையில் நனைந்த கொழுந்தின் ஈரத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு, வெதுவெதுப்பாக வரும். மீனில் புழு அடைகாக்க அதுவே போதும். நாற்றம் எட்டியபோதும், கருவாடு ஆகிற வாசம் என்றே நினைத்தேன்.

மூன்றாம் நாள் டீமேக்கர் ஐயா சரிவைக் கால்நடையாகத் தாண்டி, முழங்கால் வரை சேற்றோடு வந்து சேர்ந்தார். குளிக்கக்கூட இல்லை. முந்தின இரண்டு நாள் தூளையும் கோப்பைகளில் தேத்தண்ணியாக ஊற்றி வைக்கச் சொன்னார். ஒரு வாய் எடுத்தார். துப்பினார். அடுத்த கோப்பையில் ஒரு வாய். அதையும் துப்பிவிட்டு, கோப்பையை உற்றுப் பார்த்தார்.

"ஸ்டோருக்குள்ள கருவாடு கொண்டாந்தது யாரு?"

எல்லாருடைய கண்ணும் செல்லாயி அக்கா பக்கம் போனது. அக்காவுக்கு முகம் செத்துப்போனது.

"ஐயா, ஊரே பட்டினி. கருவாட்டுக்கு நான் எங்கங்க போவேன்? கெடைச்சா வீட்டுல ஆக்கித் திங்க மாட்டேனா, உங்க தூளுலயா போட்டுப் பொதைப்பேன்?"

யாரோ சிரித்துவிட்டார்கள். ஐயா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"சூசை, போன மாசம் நீ புடிச்சது இவளைத்தானே?"

நான், "ஆமாங்க ஐயா" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். இரண்டு வார்த்தை. இரண்டும் உண்மை. என் வாழ்நாளில் அதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதில்லை.

அக்காவின் பேரை அன்றே வெட்டினார்கள். பேர் இல்லை என்றால் வேலை இல்லை, வேலை இல்லை என்றால் அன்றைய அரிசியும் இல்லை. லயத்தில் (தோட்டத்துக்காரர்கள் குடியிருக்கும் வரிசை வீடு) அவருக்கு மூன்று பிள்ளைகள். அவர் கொங்காணிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனதை நான் மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன். அப்புறம் திரும்பி, மீனை மறைக்க மேலே போட்டிருந்த சாக்கை விலக்கினேன். எட்டு வீட்டு மீனும் கொழகொழத்து, அங்கங்கே அசைந்துகொண்டிருந்தது.

வெறுங்கையோடு வீட்டுக்குப் போனேன். பெண்கள் மிளகாயை வறுத்து வைத்துக் காத்திருந்தார்கள். "இன்னும் ஒரு நாள் காயணும்" என்றேன். உங்கள் அம்மாவிடம் மட்டும் விடிந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மீனு போனதுக்கு ஏழு வீட்டுக்காரவுங்க ஏசுவாங்க. வாங்கிக்கலாம். அந்த அக்கா வீட்டுல நேத்து ஒலை வச்சாங்களா, இல்லையா? அதச் சொல்லுங்க."

எனக்கு எப்படித் தெரியும்? சாப்பிடாமல் ஸ்டோருக்கு நடந்தேன். டீமேக்கர் ஐயாவை மூன்றாவது மாடிக்குக் கூட்டிப் போனேன். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு தட்டுத் தட்டாகக் குனிந்து பார்த்தார்.

"என்னடா இது?"

"பாரை மீனுங்க, ஐயா."

"என்ன பண்ணுற?"

"வாட்டுறேங்க, ஐயா."

முப்பது வருஷ உத்தியோகத்தில் அவர் அப்படி ஒரு பதிலைக் கேட்டிருக்க மாட்டார். பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "கீழ எறக்கு. நீயே தூக்கிட்டுப் போய் நீயே பொதை. எல்லாரும் பாக்கட்டும்."

காலைப் பெரட்டுக்கு, வேலைக்குப் பேர் கொடுக்க, ஆட்கள் கூடி நின்ற நேரம். அத்தனை பேர் முன்னாலும் நாறும் கூடையைத் தலையில் சுமந்து தேயிலை மலையில் ஏறிக் குழி வெட்டினேன். கொழுந்து பறிக்கும் பெண்கள் எனக்கு வழி விட்ட வேகத்தில் துரைக்குக்கூட வழி விட்டதில்லை. அப்புறம் மூன்று மாடித் தட்டுகளையும் ஒரு வாரம் நானே தேய்த்துக் கழுவினேன். வேலை போகவில்லை. அது அவருடைய பெருந்தன்மை.

செல்லாயி அக்காவின் பேரை அன்றே திரும்பப் பதிந்தார்கள். விட்டுப்போன அரிசியை நானே லயத்துக்கு எடுத்துப் போனேன். வாசலில் அவருடைய சின்னப் பிள்ளை வேகாத பலாக்கொட்டையைக் கடித்துக்கொண்டு நின்றது. வழியெல்லாம் பாடம் பண்ணிக்கொண்டு போன மன்னிப்பை விட்டுவிட்டு, அரிசியை மட்டும் நீட்டினேன். அக்கா அரிசியை வாங்கி, ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு, "நேத்தே வந்திருக்கலாம்ல, தம்பி" என்றார். கதவைச் சாத்தினார்.

ஏழு வீட்டிலும் உண்மையைச் சொல்லி, ஏச்சை வாங்கிக்கொண்டேன். பாதை திறக்க ஒன்பது நாளானது. அதுவரை எட்டு வீடும் பிழைத்தது காதர் நானாவின் அடுப்புக்கு மேலே தொங்கிய மீனால்தான். தினம் வீட்டுக்கு ஒரு துண்டு, புகை மணக்க மணக்க. என் கையில் தரும்போது மட்டும் அவர் சிரித்துக்கொள்வார்.

கெட்டுப்போன இரண்டு நாள் தூளை விற்க முடியாது. "கெடுத்தவனே குடிக்கட்டும்" என்று டீமேக்கர் ஐயா மூட்டையாகக் கட்டி எங்கள் வரிசைக்கே அனுப்பிவிட்டார். பல மாதம் எட்டு வீட்டுக்காரரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு அதைத்தான் குடித்தோம். "மீனு வரல, மீனு வாசமாச்சும் வந்துச்சே" என்றார் பீட்டர் அண்ணன். இந்த வீட்டுக்கு யார் வந்தாலும் உங்கள் அம்மா தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு, "முள்ளு இருக்கும், பாத்துக் குடிங்க" என்று சொல்வது அன்று தொடங்கியது.

ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் செல்லாயி அக்கா வருகிறார். அவருக்கும் உங்கள் அம்மா அதையே சொல்கிறாள். அக்கா சிரிக்கிறார், நீங்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறீர்கள். அப்பா மட்டும் ஏன் அந்த நேரம் பார்த்து எழுந்து கொல்லைப் பக்கம் போகிறார் என்று கேட்டீர்களே, இதனால்தான்.