நாகநாதனின் நீர்மூழ்கி மோட்டார்

வருகிற மாசிக்குள் மறுபடியும் கடலுக்கடியில் போயே தீருவது என்று நாகநாதன் சபதம் எடுத்தபோது, அவர் மடியில் முறமும் கையில் பாதி நறுக்கிய வெண்டைக்காயும் இருந்தன. சபதத்துக்கு நேரம் காலம் பார்க்க முடியுமா?

பதினெட்டு வருஷம் மஸ்கட்டில் வேலை. வெள்ளிக்கிழமை வந்தால் முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கிவிடுவார். இப்போது திருத்துறைப்பூண்டி பக்கம் நாலு ஏக்கர் நெல் பார்க்கிறார். ஆனாலும் கண்ணை மூடினால் நீலம்தான். மேலே வெயில் துண்டு துண்டாக மிதக்கும். ஆமை ஒன்று, தாலுகா ஆபீஸ் ஃபைல் மாதிரி, அவசரமே இல்லாமல் நகர்ந்து போகும்.

இடைஞ்சல் செய்தது வலது முழங்கால். துடுப்புச் செருப்பை மாட்டி நாலு உதை உதைத்தால் மக்கர் பண்ணியது. உதைக்காமலே போக ஒரு வழி உண்டு: தண்ணீருக்கடியில் ஆளை இழுத்துப்போகும் ஸ்கூட்டர். கைப்பிடியைப் பற்றி விசையை அழுத்தினால் விசிறி சுழலும். நாம் பின்னாலேயே மேகம் மாதிரி போகலாம்.

பத்து நாளாக மத்தியானச் சாப்பாடு ஆனதும் போனில் அந்தப் படங்கள்தான். ஒன்று குக்கர் அளவு. அரை மணி ஓடும். இன்னொன்று ராக்கெட் மாதிரி. ரெண்டு மணி நேரம் ஓடும், தூக்க ரெண்டு ஆள் வேண்டும். பார்க்கப் பார்க்கக் கண் சொருகும். மிச்சத்தைக் கனவில் ஓட்டிப் பார்ப்பார்.

மேகலாவிடம் எப்படிச் சொல்வது? பதினெட்டு வருஷம் நிலத்தையும் பம்புசெட்டையும் ஒற்றை ஆளாகக் கட்டி மேய்த்தவள். அவளிடம் போய் விளையாட்டுச் சாமான் கேட்பதா? கொஞ்சம் சுற்றி வளைத்தார்.

"மேகலா, ஒரு நீர்மூழ்கி மோட்டார் வாங்கலாம்னு பாக்குறேன்."

"போர்ல இருக்கறது நல்லாத்தானே ஓடுது?"

"இது பேட்டரி. கரண்டே வேணாம்."

"எத்தன எச்.பி?"

நாகநாதன் விழித்தார். "எச்.பி எல்லாம் பழைய கணக்கு. இது எவ்வளவு இழுக்குதுன்னுதான் பாக்கணும்."

"எவ்வளவு நேரம் ஓடும்?"

"பெருசு ரெண்டு மணி நேரம். சின்னது அர மணி."

"அர மணில வாய்க்கா கூட நனையாதே! எத்தன அடி ஆழம் தாங்கும்?"

"நூத்திமுப்பது அடி!" என்றார் பெருமையாக.

"தண்ணிய மேல தள்ளுமா?"

"பின்னால தள்ளும்."

மேகலா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒண்ணுதாங்க புரியல. மூழ்கப்போறது மோட்டாரா, நீங்களா?"

"எல்லாம் உனக்காகத்தான் மேகலா. உன் கஷ்டம் கொறையணும்ல?"

"எனக்காகவா?"

"சத்தியமா!"

"அப்ப தண்ணில போட்டுப் பாத்துட்டு வாங்குவோம். கொண்டாரச் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை வேளாங்கண்ணியிலிருந்து ஜெக்கரியா வந்தார். கடலடி நீச்சல் கற்றுக்கொடுத்து, இந்த ஸ்கூட்டர்களையும் விற்பவர். 'வீட்டில் மோட்டார் என்று மட்டும் சொல்லுங்கள்' என்று நாகநாதன் போனிலேயே கெஞ்சியிருந்தார். மூன்று பேரும் ஊர்க்குளத்துக்குப் போனார்கள்.

நாகநாதன் பெரியதைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, விசையை அழுத்தினார். குளம் அவரை மெல்ல உள்ளே வாங்கிக்கொண்டது. எங்கும் பச்சை வெளிச்சம். ஓரத்தில் அல்லித் தண்டுகள் தூக்கத்தில் ஆடுவதுபோல ஆடின. கெண்டைக்குஞ்சுகள் கன்னத்தை உரசிப் போயின. வயது, வயல், வெண்டைக்காய் எதுவும் அங்கே இல்லை. முழங்கால் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று. தலையை வெளியே நீட்டியபோது அவர் கண் கலங்கியிருந்தது. நல்லவேளை, ஈரத்தில் தெரியவில்லை.

"எனக்காக வாங்குறது. நானும் பாக்கணும்ல?" என்றாள் மேகலா.

சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, சின்னதை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அவள் பிறந்தது முத்துப்பேட்டைக் காயல் ஓரம். நடக்கும் முன்பே நீந்தியவள் என்று மாமனார் சொன்னது நாகநாதனுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நாலு குமிழி வந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

"மேகலா! ஏய், மேகலா!"

எதிர்க்கரைப் படியில் ஒரு தலை முளைத்தது. சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைக் கல்யாண ஆல்பத்தில்கூட அவர் பார்த்ததில்லை. பொறாமைப்பட வேண்டியவர், மறந்துபோய்ப் பார்த்துக்கொண்டே நின்றார்.

திரும்பி வந்தவள், "தம்பி, கைய விட்டா கீழ போவுதே. அதே எடத்துல நிக்க வேணாமா?" என்றாள்.

ஜெக்கரியா அசந்துவிட்டார். "மொதல்ல பாக்க வேண்டியதே அதானக்கா! இது குளத்துத் தண்ணி, அதான் கனக்குது. கடல்ல உப்பு தாங்கும், சரியா நிக்கும்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். நாகநாதன் கண்ணை மூடிக்கொண்டார்.

"கடல்லயும் ஓடுமா? நல்லதாப் போச்சு!" என்றாள் மேகலா. "பெருசு வேணாம், தூக்க ஆள் தேடணும். இந்தச் சின்னதே இருக்கட்டும். அர மணிக்கு மேல சும்மா மெதக்க எனக்குப் பழக்கமில்ல. எனக்காகத்தான் வாங்குறேன்னு சத்தியம் பண்ணியிருக்காரு தம்பி. பில்ல என் பேருக்கே போடுங்க. ஒங்க சட்டையில போட்டிருக்கே, அந்தக் கடலடி நீச்சல் கிளாஸுலயும் என் பேர எழுதிக்குங்க."

"இல்ல மேகலா, வந்து..."

"சத்தியம் பண்ணீங்களா இல்லியா?"

பண்ணியிருந்தார்.

மாசி பிறந்தது. கடல் தெளிந்திருந்தது. படகு கரை மறையும் தூரத்தில் நின்றது. கறுப்பு உடுப்பும் கண்ணாடியுமாக மேகலா ஸ்கூட்டரை அணைத்தபடி பின்பக்கமாகச் சாய்ந்து நீலத்துக்குள் விழுந்தாள். கூடப் போகவேண்டிய ஜெக்கரியா, அவளோடு இறங்கும் மிதவைக் கயிற்றின் நுனியை, ஸ்கூட்டர் இல்லாமல் முழங்காலைத் தடவிக்கொண்டு படகிலேயே தங்கிவிட்ட நாகநாதன் கையில் கொடுத்தார்.

"சார், கவனமா இருங்க. அக்கா ஒரு தடவ இழுத்தா நல்லாருக்காங்கன்னு அர்த்தம். ரெண்டு தடவ இழுத்தா மேல வர்றாங்க."

"மூணு தடவ இழுத்தா?" என்றார் நாகநாதன் பதறி.

"டீய ஆத்தி வைக்கணுமாம்."